கூட்டத்துக்கு வராத அக்கா



இந்த மாதப் பாடத்தை நாங்கள் செய்த ஒரு தவறில் இருந்து ஆரம்பிக்கிறோம்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு ஊர். அங்கே ஒரு அக்கா, பன்னிரண்டு வருஷமாகக் குழுவில் இருப்பவர். சந்தா பாக்கி வைத்ததில்லை, உள்கடனைத் தவணை தவறாமல் கட்டியவர். அவருடைய மாமியாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கா கூட்டத்துக்கு வரவில்லை. முதல் மாதம் வேலை இருக்கும் என்று விட்டோம். இரண்டாவது மாதமும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை. மூன்றாவது மாதம் விதிப்படி அபராதம் போட்டுத் தீர்மான நோட்டில் எழுதினோம். ஐந்தாவது மாதம் பையனிடம் சொல்லி அனுப்பினார்: "என் சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் குடுத்துடுங்க, நான் நின்னுக்கறேன்."

அப்போதுதான் நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம். ஐந்து மாதம் ஆகியிருந்தது. எட்டு வீடு தள்ளித்தான் அந்த வீடு.

"கூட்டம்னா போய் வர ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள இவங்க படுக்கையிலயே போயிட்டா யாரு எடுத்துப் போடறது? பக்கத்துல கேக்கலாம்னா வெக்கமா இருக்கு. நம்ம வீட்டு அசிங்கத்தை அடுத்தவங்க அள்ளுவாங்களா?" என்றார் அக்கா. சொல்லிவிட்டு எங்களுக்கு டீ வைக்க எழுந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். "எண்ணிப் பாக்கல" என்றார்.

அந்த அபராதத்தை ரத்து செய்தோம். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. வீட்டில் நோயாளியையோ, நடக்க முடியாத பிள்ளையையோ, புத்தி தடுமாறிய பெரியவரையோ வைத்துப் பார்க்கிற பெண் யாரிடம் உதவி கேட்பது, என்ன கேட்பது? இதை எங்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

இதுவும் ஒரு வேலை

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் நாடு முழுவதும் மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. 15 முதல் 59 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 41 பேர் வீட்டில் உள்ள ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் 21 பேர்தான். பெண்களுக்கு அந்த வேலை நாளுக்கு 140 நிமிடம், ஆண்களுக்கு 74 நிமிடம். சோறாக்குவது, துணி துவைப்பது, தண்ணீர் எடுப்பது எல்லாம் இதில் சேராது, அவை தனிக் கணக்கு. 20 பேர் உள்ள உங்கள் குழுவில் இது எத்தனை பேர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தையைப் பார்ப்பதும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனால் குழந்தை வளர்ந்துவிடும், படுக்கையில் கிடப்பவர் நிலைமை அப்படி இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனது நமக்கெல்லாம் தெரியும். பிழைத்து வந்தவர்களில் கண் பார்வை பாதித்தவர்களும் உண்டு. அவர்களை இப்போது கைபிடித்துக் கூட்டிப்போவது யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

சட்டத்தில் நம் பெயர் இருக்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதில் 'பராமரிப்பாளர்' யார் என்று எழுதியிருக்கிறது. பெற்றோர், குடும்பத்தார் உட்பட, சம்பளம் வாங்கியோ வாங்காமலோ மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்ளும் எவரும் பராமரிப்பாளர்தான். அந்த 'வாங்காமலோ' என்ற சொல் நமக்காக எழுதியது. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றியும் சொல்கிறது. ஆகவே மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேட்பது பிச்சை கேட்பது ஆகாது.

சீமையில் நடந்த ஒரு கதையை இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்று ஒரு அம்மா, கல்யாணம் ஆகாதவர், கிறிஸ்தவ சபை ஊழியர். வயதான அப்பா அம்மாவைப் பார்க்க 1954-ல் வேலையை விட்டார். 1963-ல் தன் நிலைமையைப் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். வீட்டுக் காவலில் இருப்பதைப் போல இருக்கிறது என்று சொன்னார். அதைப் படித்து அவரைப் போன்ற பெண்கள் ஏராளமாகப் பதில் எழுதினார்கள். 1965-ல் சங்கமாகவே ஆகிவிட்டார்கள். 1976-ல் அரசாங்கம் பராமரிப்பவருக்கு உதவித்தொகை கொண்டுவந்தது. ஆனால் புருஷனோடு வாழும் பெண்ணுக்குக் கிடையாது, அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்று தள்ளிவிட்டார்கள்! தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்குப் போட்டு, 1986-ல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். "எப்படியும் வீட்டில்தானே இருக்கே" என்ற பேச்சு நம் ஊரில் மட்டும் இல்லை என்று தெரிந்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

எங்கே போய்க் கேட்பது?

முதலில் கிராம சுகாதார செவிலியரிடம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களில் இருந்து எடுக்கப்பட்டவர்கள். மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆதரவுச் சிகிச்சை செய்யும் நர்சும், கை கால் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவதும் அந்தத் திட்டத்தில் வகுத்ததுதான். நம் அக்கா வீட்டில் யாரும் கேட்கவே இல்லை. கேட்கலாம் என்று தெரியாது.

நர்ஸ் வரும்போது நோயாளிக்கு மருந்து போட்டு அனுப்பிவிடாதீர்கள். "எனக்குச் செய்து காட்டுங்க" என்று சொல்லி, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று தினம் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. அங்கே பாரம் படாமல் படுக்க வைக்க வேண்டும். பழைய சேலையை நாலாக மடித்து நோயாளிக்கு அடியில் விரித்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து நகர்த்தினால் அவர் தோலும் உரசாது, நம் இடுப்பும் பிழைக்கும். படுத்த வாக்கில் கஞ்சி ஊற்றக்கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். நம் அக்கா ஐந்து மாதமும் தனியாளாகத் தூக்கியிருக்கிறார். இடுப்பு வலி ஏன் வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது, சான்றிதழ். வாதத்தில் கை கால் விழுந்தவரும் மாற்றுத்திறனாளிதான். 'வயசானா இப்படித்தான்' என்று நாம் விட்டுவிடுகிறோம். வாதம் வந்து ஆறு மாதம் கழித்தும் குறை இருந்தால் மருத்துவர் சோதித்து எத்தனை சதவீதம் என்று எழுதித் தருவார். அதை வைத்துத்தான் அடையாள அட்டை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தண்டுவடம் அடிபட்டவர்கள் போன்றோருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகை 1,500-ல் இருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனதால் இதற்கு விழுப்புரம் வரை போக வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

மலையில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, "கச்சிராயபாளையம் இறங்கி கள்ளக்குறிச்சி போய் வர ஒரு நாள் ஆகுது, அன்னிக்கு இவங்களை யாரு பாக்கறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்துக் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி விசாரித்தது. அந்த அளவுக்குத் தூரம் நமக்குப் பாரமாக இருக்கிறது. ரோடும் பஸ்ஸும் நம் கையில் இல்லை. போய் வரும் அந்த ஒரு நாளைக்கு ஆள் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

நடக்க முடியாத, பேச முடியாத பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளிக்கூடம் வர முடியாத பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஏற்பாடு உண்டு. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், மனவளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' காப்பீடு இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. "எனக்கப்புறம் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பா?" என்ற பயத்துக்கும் ஒரு வழி உண்டு. பிள்ளைக்கு 18 வயது ஆனபின் ஆட்சியர் உள்ள உள்ளூர் குழுவிடம் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுக்கலாம்.

போனில் கேட்க: பெரியவர்கள் விஷயத்துக்கு 14567, உடம்பு பற்றிய ஆலோசனைக்கு 104. மனசு தாங்கவில்லை, அழுகை அழுகையாக வருகிறது, பார்த்துக்கொள்கிறவர் மேலேயே எரிச்சல் வருகிறது என்றால் 14416. கடைசியில் உள்ள எண்ணை மறக்க வேண்டாம். எரிச்சல் வருவது பாவம் ஒன்றும் இல்லை, தூக்கம் இல்லாத உடம்புக்கு அது வரும்.

மூத்தவன் பெங்களூர்ல, இளையவன் கேரளாவுல

பல வீட்டில் நிலைமை இதுதான். பிள்ளைகள் நாலு பேர், பார்ப்பது ஒரு மருமகள். 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, கவனிக்காத பிள்ளைகளிடம் இருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்டுப் பெரியவர் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. அந்தச் சட்டத்தில் மகன், மகள், பேரன், பேத்தி பெயர் இருக்கிறது. மருமகள் பெயர் இல்லை. ஊர் மட்டும் மருமகளைத்தான் முதலில் கேட்கிறது!

எடுத்ததும் மனு வரைக்கும் போக வேண்டும் என்று சொல்லவில்லை. ஊக்குநரும் இரண்டு உறுப்பினரும் போய், "மாதம் ஆளுக்கு இவ்வளவு அனுப்புங்க, வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து பாருங்க" என்று பேசினாலே பாதி வீட்டில் நடக்கும். அந்த அக்கா தன் மச்சினரிடம் இதைத் தானே கேட்க முடியாது, குழு கேட்கலாம்.

குழு என்ன செய்யலாம்?

கேரளாவில் மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை வளர்த்திருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வேலை அப்படிப் பரவியது. பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தையும் அந்த மாநிலம் வைத்தது. நம் மலையில் இருந்து மிளகு பறிக்கப் போகிறவர்கள் அங்கே பார்த்திருக்கலாம்.

நாங்கள் அந்த அக்கா விஷயத்தில் செய்தது சின்னது. கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணைக்கு மாற்றினோம். பாயும் நோட்டும் பெட்டியும் அங்கே போயின. மாமியார் உள்ளே படுத்தபடியே, "இந்த மாசம் யாருக்குக் கடன்?" என்று கேட்க ஆரம்பித்தார். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒரு உறுப்பினர் போய் இருப்பது என்று முறை வைத்தோம். எல்லாரும் ஒழுங்காகப் போனார்கள் என்று பொய் சொல்ல மாட்டோம். மரவள்ளி பிடுங்கும் நாளில் முறை தவறியது, சண்டையும் வந்தது. இப்போது வேலைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் அக்கா என்ன செய்கிறார் என்று கேட்டோம். "தூங்கறேன்" என்றார்.

ஊராட்சிக் கூட்டமைப்பில் உள்ள நலிவு நிலை குறைப்பு நிதியில் இப்படிப்பட்ட குடும்பத்துக்குக் கடன் கொடுக்கவும் உங்கள் பிரதிநிதி மூலம் கேளுங்கள். தண்ணீர்ப் படுக்கை, கட்டில் போன்றவற்றைக் கூட்டமைப்பு ஒன்று வாங்கி வைத்து வீடு வீடாகக் கொடுத்து வாங்கலாம் என்பது எங்கள் யோசனை.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். மூன்று மாதமாக வராதவர் பெயர்களைப் பதிவேட்டில் பார்த்து, அவர்கள் வீட்டுக்குப் போய் வந்த பிறகு, கீழே உள்ளதை உங்கள் குழுவுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

*தீர்மானம்: வீட்டில் நோயாளியை அல்லது மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பினர் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் அபராதம் இல்லை. அவர் சேமிப்பையும் தவணையையும் வீட்டிலேயே வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கப்படும். அவர் கடன் கேட்டால், வருகை குறைவு என்ற காரணத்தால் மறுக்கப்படாது. மாதம் ஒரு கூட்டம் அவர் வீட்டில் நடக்கும். அவர் ஆஸ்பத்திரிக்கோ அலுவலகத்துக்கோ போகும் நாளில் அவர் வீட்டில் இருக்க வேண்டிய உறுப்பினர்: ........................*