மூங்கில் ஆர்கன்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குச் செல்வோர் அங்குள்ள இசைத்தூண்களைக் காணாது திரும்புவதில்லை. வன்மையான கல்லில் இன்னொலியைப் பிறப்பித்த சிற்பியின் திறம் வியத்தற்குரியது. அவ்வாறே, கடல் கடந்த பிலிப்பைன்ஸ் நாட்டில் மூங்கிலைக்கொண்டு ஒரு பேரிசைக் கருவியை அமைத்தார் ஒருவர். அவர் ஸ்பெயின் நாட்டுத் துறவியாகிய தியேகோ செரா.

பிலிப்பைன்ஸ் அக்காலத்தில் ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1795ஆம் ஆண்டில் மணிலாவுக்கு அண்மையிலுள்ள லாஸ் பின்யாஸ் என்னும் ஊருக்குப் பங்குக் குருவாக வந்த செரா, அங்கே ஒரு தேவாலயம் எழுப்பினார். வழிபாட்டுக்கு ஆர்கன் வேண்டியிருந்தது. ஆர்கனில், துருத்தி திரட்டித் தரும் காற்று, விரலால் கட்டையை அழுத்தியதும் அதற்குரிய குழலுட் புகுந்து ஒலிக்கும். நம் புல்லாங்குழல் ஒன்றே துளைகளின் உதவியால் ஏழு சுரங்களையும் தரும். ஆர்கனிலோ ஒரு குழலுக்கு ஒரு சுரமே. நெடிய குழல் தாழ்ந்தும், குறிய குழல் உயர்ந்தும் ஒலிக்கும். ஆதலின் குழல்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஐரோப்பியர் அவற்றைப் பெரும்பாலும் காரீயமும் வெள்ளீயமும் கலந்த தகட்டால் செய்வர்.

செராவுக்கு எளிதிற் கிடைத்தது மூங்கில். தகட்டை வேண்டிய அளவிற்குச் சுருட்டலாம். மூங்கிலோ வளர்ந்த அளவினதே. அதற்குப் பூச்சியும் பெரும்பகை. ஆகவே 1816இல் வெட்டிய மூங்கில்களை அவர் கடற்கரை மணலிற் புதைத்து வைத்தார். பல மாதங்கள் கழித்து, கேடுறாது எஞ்சியவற்றையே கருவிக்குக் கொண்டார். பொறுமை மிக்கவர் அல்லரேல் தகட்டுக்கே திரும்பியிருப்பர்.

1821இல் கருவி ஒலிக்கத் தொடங்கிற்று. எக்காளத்தின் ஓசை மட்டும் மூங்கிலில் வாய்க்கவில்லை. தாம் கொண்ட பொருளின் எல்லையை உணர்ந்த செரா, அக்குழல்களை உலோகத்தாலேயே செய்து, 1824இல் பணியை முடித்தார். மொத்தக் குழல்கள் 1,031. அவற்றுள் 902 மூங்கில், 129 உலோகம்.

பின்னர் நிலநடுக்கங்களாலும் சூறாவளிகளாலும் சிதைவுற்று, அக்கருவி பல்லாண்டுகள் வாய்மூடிக் கிடந்தது. 1973இல் அதனைச் செப்பனிட ஜெர்மனியில் பான் நகரிலுள்ள கிளைஸ் தொழிற்கூடத்திற்கு அனுப்பினர். வெப்பமும் ஈரமும் பழகிய மூங்கில், குளிர்நாட்டின் உலர்ந்த காற்றில் வெடித்துவிடுமே! எனவே அத்தொழிற்கூடத்தார் ஓர் அறைக்குள் பிலிப்பைன்ஸ் நாட்டின் தட்பவெப்பத்தை உண்டாக்கி, அங்கே வைத்துப் பழுது நீக்கினர். 1975இல் ஆர்கன் லாஸ் பின்யாசுக்குத் திரும்பியது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் அவ்வாலயத்தில் அதன் பெயரால் இசைவிழா நடைபெற்று வருகின்றது.