விடுமுறைக்கு முன் நமது பிள்ளைகள் என்ன படித்தார்கள்?



ஆகஸ்ட் மாதம் வந்தால் இரண்டாம் தவணை முடிந்து பாடசாலைக்கு விடுமுறை விட்டு விடுவார்கள். லயத்து முற்றம் முழுக்கப் பிள்ளைகளின் சத்தம்தான். காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் "அடுப்புக்கிட்ட போகாதீங்க, ஆத்துப் பக்கம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடுகிறீர்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தால் சோறு, துணி, தண்ணீர் என்று பொழுது போய்விடும். இதற்கிடையில் "இந்தத் தவணையில என்ன படிச்ச?" என்று பிள்ளையிடம் கேட்கிற வீடு எத்தனை?

கேட்காததற்கு நீங்கள் சொல்லும் காரணம் எங்களுக்குத் தெரியும். "நமக்கு எழுத்து வாசனை இல்ல. கேட்டா மட்டும் வெளங்கவா போகுது?" என்பீர்கள். எழுத்துத் தெரியாத தாயும் பிள்ளையின் படிப்பைப் பார்க்கலாம் என்பதைத்தான் இந்த இதழில் படிக்கப் போகிறோம்.

"வெளையாடிட்டுத்தான் வருது"

வீடுகளுக்குப் போகும்போது அடிக்கடி கேட்கும் குறை இது: "என்னங்க ஐயா, புள்ள இஸ்கோலுக்குப் போயி வெளையாடிட்டு, பாட்டுப் பாடிட்டு வருது. அ, ஆ கூட வரிசையா சொல்லத் தெரியல."

நாங்கள் படித்த காலத்தில் மணலிலும் சிலேட்டிலும் "அ, ஆ" என்றுதான் ஆரம்பித்தோம். இப்போது முறை வேறு. 1998ஆம் ஆண்டு கம்பஹா மாவட்டத்தில் ஆரம்பித்து, 1999இல் நாடு முழுவதும் முதலாம் தரத்தில் புதிய ஆரம்பக் கல்வி முறை கொண்டுவரப்பட்டது. அதில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் படிப்பு. சின்ன வகுப்பில் விளையாட்டு கூட. வகுப்பு ஏற ஏற எழுத்து வேலை கூடும். விளையாட்டின் உள்ளே ஆசிரியை ஒரு பாடத்தை வைத்திருக்கிறார்.

புளியங்கொட்டையை எண்ணிப் பங்கு போட்டால் அது கணிதம். கதை கேட்டுத் திருப்பிச் சொன்னால் அது தமிழ். வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருந்தால் அது ஒழுக்கம்.

எழுத்தும் அப்படித்தான். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள். இத்தனையையும் வரிசையாக ஒப்புவித்த பிறகுதான் வாசிக்க வேண்டுமென்றால் பிள்ளை களைத்துப் போகும். அதனால் ட, ப, ம போன்ற எழுதச் சுலபமான எழுத்துகளை முதலில் பிடித்து, உடனே "படம்", "பட்டம்" என்று சொல்லாக்கி வாசிக்க வைக்கிறார்கள். ஆகவே "அ, ஆ சொல்லு" என்று அதட்டாமல், "தெரிஞ்ச சொல்லு ஒண்ணு வாசி" என்று கேளுங்கள்.

வகுப்பு வகுப்பாக

தரம் 1, 2: பிள்ளை பேசப் பழகுகிறது, எண்ணப் பழகுகிறது, பென்சில் பிடிக்கப் பழகுகிறது. பெரிது சிறிது, கூட குறைய, முன்னே பின்னே என்ற சொற்களைச் சரியாகப் பாவிக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்னச் சொற்களை வாசிக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

தரம் 3, 4: இங்கேதான் வாசிப்பு நிலைக்க வேண்டும். ஒரு பந்தியை வாசித்து, என்ன சொல்லியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கூட்டல், கழித்தலோடு பெருக்கல், வகுத்தலும் வந்துவிடும். சிங்களமும் ஆங்கிலமும் இருக்கின்றன. பஸ் போர்டில் மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதைக் காட்டி வாசிக்கச் சொல்லலாம்.

தரம் 5: புலமைப்பரிசில் பரீட்சை உள்ள வருடம். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் அமைதியும் வெளிச்சமும் கொடுங்கள். ஆனால் ஒன்று. அந்தப் பரீட்சையில் எடுபடாத பிள்ளை படிப்பில் தோற்ற பிள்ளை அல்ல. ஆறாம் தரத்தின் கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது.

எல்லாத் தரத்துக்கும் உரியது சுற்றாடல் பாடம். வீடு, உணவு, தண்ணீர், செடி கொடி, பிராணிகள் என்று ஒரே விஷயங்களே வகுப்புக்கு வகுப்பு விரிந்து வரும். இதற்கு உங்களை விட நல்ல ஆசிரியர் கிடையாது. தேயிலையில் இரண்டு இலையும் மொட்டும் எடுப்பதேன், கவ்வாத்து வெட்டுவதேன், குளவிக்கூடு எந்த மரத்தில் கட்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடம்.

நிறுவை மடுவத்தில் இருக்கிற கணக்கு

"கணக்கு நமக்கு வராதுங்க" என்று ஒரு அம்மா சொன்னார். அவரே கொழுந்து நிறுத்தபோது அரைக் கிலோ குறைத்துப் போட்டதை உடனே கண்டுபிடித்தார்! அந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

"காலையில 7 கிலோ, பகல் 8 கிலோ, பின்னேரம் 5 கிலோ. எல்லாம் எவ்வளவு?" 20 கிலோ. "18 கிலோ எடுக்கணும்னு வச்சுக்குவோம். எத்தனை கிலோ கூட?" 2 கிலோ. "லயத்துல இந்தப் பக்கம் 6 காம்பரா, அந்தப் பக்கம் 6 காம்பரா. எத்தனை?" 12. இது பெருக்கல். "ரெண்டு நாள் அரைப்பேர் போட்டா எத்தனை பேர்?" ஒரு பேர். இது பின்னம்.

கழித்தலில் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 32இலிருந்து 15ஐக் கழிக்கும்போது, 2இலிருந்து 5 போகாது. ஈர்க்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள். 32 என்றால் மூன்று கட்டும் இரண்டு குச்சியும். ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரிக் குச்சி 12. அதில் 5 போனால் 7. மீதி இரண்டு கட்டில் ஒரு கட்டு போனால் ஒன்று. விடை 17. கையால் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது.

கொப்பி நிறையச் சரி

இனிச் சொல்லப் போவது எங்களுக்கே வெட்கமான விஷயம்.

போன வருட ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு டிவிசனில் வீடு பார்க்கப் போனோம். ஒரு தாய் மூன்றாம் தரத்தில் படிக்கும் மகனின் கொப்பிகளைத் துணியில் சுற்றி வைத்திருந்து, பெருமையாகக் கொண்டு வந்து காட்டினார். முத்து முத்தான எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி. "கெட்டிக்காரன்!" என்று சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தோம். அந்த வீட்டில் அதற்கு முன்பும் நாங்கள் அப்படித்தான் சொல்லியிருந்தோம்.

அன்று நல்ல மழை. வெளியே போக முடியவில்லை. "எங்க தம்பி, வாசிங்க பார்ப்போம்" என்றோம். ஒரு பக்கத்தை மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். அந்தப் பக்கத்திலேயே நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டோம். பேச்சில்லை. இன்னொரு சொல். தலையைக் குனிந்து கொண்டான். அவன் காதால் கேட்டதை மனப்பாடம் பண்ணியிருந்தான். கரும்பலகையைப் பார்த்துப் படம் வரைவது போல் எழுத்தை வரைந்திருந்தான். வாசிக்கத் தெரியவில்லை.

தாய் எங்கள் முகத்தைப் பார்த்தார். "அப்ப இந்தச் சரியெல்லாம் என்னங்க ஐயா?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

ஆசிரியரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ஒரே ஆசிரியை இரண்டு வகுப்பைப் பார்க்கும்போது, சத்தம் போடாமல் அழகாக எழுதுகிற பிள்ளைதான் கண்ணில் படாமல் தப்பிவிடும். அந்தப் பிள்ளை அடி வாங்கவில்லை, ஏச்சு வாங்கவில்லை. உதவியும் வாங்கவில்லை.

பாடசாலை திறந்ததும் தாயைக் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியையிடம் பேசினோம். அவர் கோபப்படவில்லை. தினமும் கொஞ்ச நேரம் அவனைப் பக்கத்தில் வைத்துக் கொண்டார். அடுத்த காம்பராவில் சாதாரண தரம் எழுதிவிட்டு இருந்த அக்கா, பழைய கலண்டரில் எழுத்துகளை வெட்டி, பின்னேரங்களில் 15 நிமிடம் சொல் கட்டப் பழக்கினார். இன்றும் அவன் வேகமாக வாசிப்பதில்லை. ஆனால் கிளினிக் கார்டில் இருந்த தங்கச்சியின் பெயரைத் தானாக எழுத்துக் கூட்டி வாசித்தான் என்று தாய் எங்களைத் தேடி வந்து சொன்னார்.

நீங்களே பார்க்கலாம்

எழுத்துத் தெரியாத தாயும் செய்யக்கூடிய சோதனை இது. அடிக்க வேண்டாம், ஏச வேண்டாம்.

1. பிள்ளை வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைக்கச் சொல்லுங்கள். வாய் ஓரிடத்தில், விரல் ஓரிடத்தில் போனால் அது மனப்பாடம்.

2. படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

3. ஒரு சொல்லைத் தொட்டு என்னவென்று கேளுங்கள். சற்று நேரம் கழித்து அதே சொல்லைத் திரும்பவும் கேளுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வர வேண்டும்.

4. புத்தகத்தில் இல்லாததைக் கொடுங்கள். சாமான் சுற்றி வந்த பேப்பர், கோயில் திருவிழா நோட்டீஸ், கிளினிக் கார்டு எதுவும் நல்லதுதான்.

தடுமாறினால் மறைக்காதீர்கள். பாடசாலை திறந்த முதல் வாரத்திலேயே ஆசிரியரைச் சந்தியுங்கள். மூன்றாம் தரத்தில் கண்டுபிடித்தால் பிடித்து ஏற்றலாம். எட்டாம் தரத்தில் கண்டுபிடித்தால், பெரும்பாலும் பிள்ளை அதற்கு முன்பே பாடசாலையை விட்டு நின்றிருக்கும்.

விடுமுறை முடியும்போது

கடைசியாக ஒரு வேண்டுகோள். விடுமுறையில் சின்னதைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற அக்கா, பாடசாலை திறந்த பிறகும் "இன்னும் ஒரு கிழமை" என்று நின்றுவிடுகிறாள். ஒரு கிழமை ஒரு மாதமாகும். சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விடுங்கள், அக்காவைப் பாடசாலைக்கு அனுப்புங்கள். 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். சட்டத்துக்குப் பயந்து அனுப்ப வேண்டாம். அவளுடைய நாளைக்காக அனுப்புங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. நம் பிள்ளை இந்தத் தவணையில் எத்தனை நாள் பாடசாலைக்குப் போகவில்லை? ஏன்?

2. பிள்ளையின் ஆசிரியரை நாம் கடைசியாகச் சந்தித்தது எப்போது?

3. இன்று இரவு 15 நிமிடம் ரேடியோவையும் டீவியையும் போனையும் நிறுத்திவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு "முடியும்" என்று நீங்கள் சொன்னால், நாங்கள் இதை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.