ரேக்கின் நெற்றியில் ஒரு தெர்மாமீட்டர்

சென்னையில் சின்ன அலுவலகங்களின் சர்வர் ரூம்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. உள்ளே நுழைந்ததும் பல் கிட்டினால்தான் பல முதலாளிகளுக்குத் திருப்தி. ஏசியை 16 டிகிரியில் வைத்திருப்பார்கள். தேவையே இல்லை. ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை போதும் என்கிறது. 2004இல் 20–25 என்றிருந்ததை 2008இல் அவர்களே தளர்த்திவிட்டார்கள். நான் 23, 24இல் வைக்கச் சொல்வேன்.

ஆனால் அது சர்வரின் முன்பக்கம் உள்ளே போகும் காற்றின் கணக்கு. ரிமோட்டில் தெரியும் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு மலிவான தெர்மாமீட்டரை ரேக்கின் முன்னால், மேல் தட்டு உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். கீழே 22 இருக்கும்போது மேலே 29 காட்டும் அறைகள் உண்டு. பின்னால் வெளியேறும் சூடான காற்று, ரேக்கின் காலி இடங்கள் வழியே முன்பக்கம் திரும்பி வருவதுதான் காரணம். அந்த இடைவெளிகளைத் தகடு போட்டு மூடினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நம் ஊரில் பெரிய எதிரி ஈரப்பதம். 60 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசி போட்டால் சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும். ஃபேன் மட்டும் ஓடும். காயிலில் படிந்த ஈரம் மறுபடி அறைக்கே வரும். குளிர் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் போர்டில் பச்சை பூக்க அதிக நாள் ஆகாது. வறண்ட காற்றால் வரும் நிலைமின்சாரத் தொல்லை குளிர்நாட்டுக்காரர்கள் கவலை. சென்னையில் அதற்கு நான் தூக்கம் இழந்ததில்லை.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்ததும் ஏசி தானாக ஓடுகிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். சில மாடல்களில் யாராவது ரிமோட்டை அமுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யார் அமுக்குவது? சர்வரை யுபிஎஸ் தாங்கும், ஏசியைத் தாங்காது. யுபிஎஸ் பேட்டரியையும் 25 டிகிரிக்குப் பக்கத்தில் வையுங்கள். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

இன்னொன்று, ஏசியை ரேக்குக்கு நேர் மேலே மாட்ட விடாதீர்கள். வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் எங்கே சொட்டும் என்று மெக்கானிக் யோசிக்க மாட்டார்.