வெள்ளையை வெள்ளையா எடு: முதல் தடவை படம் எடுக்கப் பழகுற தங்கச்சிக்கு அக்காவோட டிப்ஸ்

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் படம் எடுக்கப் பழகுறவங்களுக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு கண்ணு. ஊர்ப் பேரைச் சொல்லி விக்கிற சரக்குல பாதி வெள்ளை. நாமக்கல் முட்டை, ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு. இன்னொரு பக்கம் பாறை, எருமை, லாரி டயர்னு எல்லாம் கருப்பு. கேமரா தடுமாறுறதே இந்த ரெண்டு நிறத்துலதான். அதனால, மத்த ஊர்க்காரங்க ரொம்ப நாள் கழிச்சுக் கத்துக்கிற பாடத்தை நாம முதல் வாரமே கத்துக்கலாம். படம் எவ்வளவு வெளிச்சமா வரணும்னு கேமரா முடிவு பண்ணக் கூடாது, நீதான் பண்ணணும். அவ்வளவுதான் பாடம்.

1. கேமரா இப்போ வேண்டாம்

முதல் மூணு மாசம் கையில இருக்கிற போன் போதும். நாலு காரியம் மட்டும் பண்ணிடு. படம் எடுக்கிறதுக்கு முன்னாடி லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால துடை. எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அது எப்பவும் மங்கித்தான் இருக்கும். செட்டிங்ஸ்ல கட்டம் போட்ட கோட்டை வரவழை. பியூட்டி மோடை அணை. விரலால விரிச்சு ஜூம் பண்ணாதே, ரெண்டு அடி முன்னால நட. விரிச்ச ஜூம் பல போன்ல படத்தை வெட்டிப் பெருசாக்குறதுதான், புதுசா எதையும் காட்டாது.

2. ஒரு முட்டையை வச்சுப் பாடம் படி

எந்தக் கேமராவும் எதிர்ல இருக்கிறது நடுத்தரச் சாம்பல் நிறம்னு நினைச்சுத்தான் வெளிச்சத்தை அளக்கும். அதனாலதான் முழு வெள்ளையைக் காட்டினா இருட்டாக்கிச் சாம்பலாக்கிடுது, முழுக் கருப்பைக் காட்டினா வெளுக்க வச்சுச் சாம்பலாக்கிடுது. புதுப் போன்கள் இதை ஓரளவு தானே சரி பண்ணிக்கும், முழுசா பண்ணாது.

வீட்டுலயே சோதிச்சுப் பார். ஜன்னல் பக்கத்துல ஒரு வெள்ளைத் தட்டு, அதுல ஒரு வெள்ளை முட்டை. படம் முழுக்க வெள்ளையே நிறையுற மாதிரி கிட்டப் போய் எடு. முட்டை அழுக்காத் தெரியும். இப்போ திரையில முட்டை மேல விரலை அழுத்திப் பிடி. சின்னதா ஒரு சூரியப் படமோ கோடோ வரும். அதை மெதுவா மேல தள்ளு. முட்டை வெள்ளையாகும். எங்கே நிறுத்தணும்னா, ஓட்டு மேல இருக்கிற சின்னச் சின்னப் புள்ளி மறையுறதுக்கு முன்னாடி. அது மறைஞ்சு வெறும் வெள்ளையாப் போயிட்டா எந்த ஆப்பாலயும் திரும்பக் கொண்டு வர முடியாது.

அடுத்து அதே முட்டையைக் கருப்புக் குடைத்துணி மேல வை. இந்தத் தடவை தூரத்துல இருந்து எடு. படத்துல கருப்பு அதிகம் இருக்கிறதால முட்டை பொசுங்கின மாதிரி வெளுத்துடும். சூரியனைக் கீழே இறக்கு. கேமராவுல இந்த வேலைக்குத்தான் கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டன் இருக்கு. வெள்ளை நிறைஞ்சா கூட்டு, கருப்பு நிறைஞ்சா கழி. ஏற்காட்டுப் பனிமூட்டமும் வெள்ளைக் கணக்குதான். ஒரு பங்கு கூட்டி எடுத்தாத்தான் பனி பனியாத் தெரியும், இல்லேன்னா புகையாத் தெரியும்.

3. வெயிலுக்கு நேரம் பார்

நம்ம சமவெளியில ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 தேதிகளை ஒட்டிப் பகல் பன்னிரண்டே கால் வாக்குல சூரியன் சரியா உச்சந்தலைக்கு மேல நிக்கும். கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. அந்த மாதிரி வெயில்ல ஆளை நிறுத்தினா கண்ணு இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு இருட்டுக் குழி, மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புத் தீத்தல், அவ்வளவுதான் வரும்.

நமக்குச் சூரியன் ஜூன்ல ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடியும், ஜனவரியில ஆறே முக்காலை ஒட்டியும் உதிக்குது. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம், சாயங்காலம் அடையுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், இந்த ரெண்டுதான் வெளியில எடுக்க நல்ல வேளை. வெளிச்சம் பக்கவாட்டுல வர்றதால களத்துல காயுற ஜவ்வரிசியோட ஒவ்வொரு மணிக்கும் ஒரு நிழல் கிடைக்கும், மணி மணியாத் தெரியும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, அதை வெறும் வெள்ளைத் திட்டா எடுத்துட்டு வராதே. நாமக்கல் போனா காத்து எழும்புறதுக்கு முன்னாடி கமலாலயக் குளத்தங்கரையில நில்லு, மலைக்கோட்டைப் பாறை தண்ணியில தலைகீழா விழும்.

4. முகம் எடுக்கிறதா இருந்தா வாசப்படி

மத்தியானம்தான் நேரம் கிடைக்குதா? ஆளை வாசப்படிக்கு ஒரு அடி உள்ள நிறுத்தி, வெளியைப் பார்க்கச் சொல்லு. நீ வெளியில நின்னு எடு. வீட்டு இருட்டு பின்னால போயிடும், வாசல் வெளிச்சம் முகத்துல சமமா விழும். திண்ணை, புளியமர நிழல், பஸ் ஸ்டாண்டுக் கூரை ஓரம் எல்லாத்துக்கும் இதே முறைதான்.

கழுத்துக்குக் கீழே இருட்டு தட்டினா ஒரு தெர்மகோல் அட்டையை இடுப்பு உயரத்துல பிடிக்கச் சொல்லு. வெளிப்புறப் படப்பிடிப்புல ரிஃப்ளெக்டர் பலகை வச்சு வெயிலைத் திருப்பி விடுறாங்களே, அதே வேலையைத்தான் இதுவும் செய்யும். டி.ஆர்.சுந்தரம் 1935-ல மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமாக் கம்பெனியைத் தொடங்கின சேலம் நம்மளது, இதுக்கெல்லாம் கூச்சப்படாதே.

முகத்தோட நிறத்தை மாத்தாதே. போன் தானாவே நம்ம மாநிறத்தை வெளுக்க வைக்கப் பார்க்கும். கன்னத்து மேல விரலை வச்சு, நேர்ல பார்க்கிற நிறம் வர்ற வரைக்கும் சூரியனைக் கீழே இழு. போர்ட்ரெயிட் மோடு வச்சா தலைமுடி ஓரத்தையும் வச்ச பூவையும் பெருசாக்கிப் பார். பாதிப் பூவை அது பின்னணின்னு நினைச்சு மங்க வச்சிருக்கும்.

5. கொலுசு விக்கிறவங்களுக்கு

வீட்டுல இருந்தே வாட்ஸ்ஆப்ல கொலுசோ கவரிங்கோ விக்கிற தங்கச்சிங்க நிறையப் பேர் இருக்கீங்க. ஃப்ளாஷ் மட்டும் போடாதீங்க. மெருகு போட்ட வெள்ளி, எதிர்ல இருக்கிற எல்லாத்தையும் காட்டும், உங்க சிவப்புச் சேலையையும் சேர்த்து. ஜன்னல்ல வெள்ளை வேட்டியை ஒத்தையாக் கட்டி வெளிச்சத்தை வடிகட்டுங்க. கொலுசை அடர்ந்த நீலத் துணியில வையுங்க. மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டை. வேட்டியோட வெள்ளை கொலுசு மேல நீளமா ஓடும், அதுதான் மெருகாத் தெரியும். வாங்குறவங்களுக்கு அனுப்பும்போது டாக்குமென்ட்டா அனுப்புங்க. சாதாரணமா அனுப்பினா வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கி, சலங்கை முத்தோட வேலைப்பாட்டைத் தின்னுடும்.

6. ஓடுறதை நிறுத்து, ஓட விடு

1858-ல லினேயஸ் டிரைப்ங்கிற கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி, ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவோட மத்த சில இடங்களையும் எடுத்த படங்களை ஒரு தொகுப்பா வெளியிட்டார். இப்போ கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கிற ராயக்கோட்டை அப்போ நம்ம ஜில்லாவுல இருந்துச்சு. அந்தக் காலத்து நெகட்டிவ் ரொம்ப மந்தம், நொடிக்கணக்கா நிமிஷக்கணக்கா வெளிச்சம் உள்ள போகணும். நடந்து போற ஆள் பதியவே மாட்டார். கோட்டை, பாறை, கோயில்னு நகராததை எடுக்கிறதுதான் வசதி.

நம்ம கையில அந்த நேரத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி இருக்கு, அதுக்குப் பேர் ஷட்டர். போன்ல புரோ மோடு இருந்தா திற. பம்ப்செட்டுத் தொட்டியில விழற தண்ணியை நல்ல வெயில்ல 1/1000 வச்சு எடு, ஒவ்வொரு துளியும் தனியா நிக்கும். அதையே வெளிச்சம் குறைஞ்ச சாயங்காலத்துல, போனைத் தொட்டிச் சுவர்ல சாய்ச்சு வச்சு 1/15-ல எடு, தண்ணி ஒரே ஓட்டமா வழியும். உச்சி வெயில்ல 1/15 வைக்காதே, படம் வெளுத்துப் போயிடும். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ஷட்டர் பாடம் முடிஞ்சுது.

7. நாலு ஓரத்தையும் பார்

பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி கண்ணை ஒரு சுத்து ஓரத்துல ஓட்டு. பாட்டி தலையில இருந்து கரண்ட் கம்பம் முளைச்சிருக்கா? பாதி பிளாஸ்டிக் குடம் எட்டிப் பார்க்குதா? எடிட் பண்ணிக்கலாம்னு விடாதே, ஒரு அடி இடப்பக்கம் நகரு. குழந்தையை எடுத்தா குனிஞ்சு அது கண்ணு மட்டத்துக்கு வா.

8. கேட்டுட்டு எடு

காவிரியில குளிக்கிற துறைங்க பக்கம் போனை வெளியவே எடுக்காதே. குழந்தைங்களை எடுக்கணும்னா பெத்தவங்ககிட்ட கேளு. கோழிப் பண்ணைக்குள்ள சொல்லாம நுழையாதே. வெளியாள் செருப்புல நோய் வந்துடும்னு அவங்க பயப்படுறதுல நியாயம் இருக்கு. கடையில அடுக்கி வச்ச முப்பது முட்டை அட்டையே நல்ல படம்தான். கோயிலுக்குள்ள போன் கூடாதுன்னு 2022 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. நாமக்கல்ல கூரையில்லாம நிக்கிற 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுட்டு வா, படத்துக்கு வெளியில பாறை இருக்கு. விடியக்காலையில தனியாப் போகாதே, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போ. எங்கே போறேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போ.

9. கேமரா வாங்குற நாள் வந்தா

மூணு மாசம் கழிச்சும் ஆசை அடங்கலேன்னா பழைய டிஎஸ்எல்ஆர் ஒண்ணு பார். கடையிலயே நாலு சோதனை பண்ணு. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார், நூல் நூலாப் பூஞ்சை தெரிஞ்சா வேண்டாம். எஃப்/16 வச்சு வெறும் வானத்தை எடு, கரும்புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி. ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளு. பேட்டரி உப்பியிருக்கான்னு தடவிப் பார். பில்லையும் கேட்டு வாங்கு.

கூட வர்ற 18-55 லென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போதும். அப்புறம் காசு சேர்ந்தா 50 எம்எம் எஃப்/1.8 வாங்கு, கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்கு அது கை கொடுக்கும். பழைய ஸ்டுடியோக்காரங்க மீட்டர் இல்லாம எடுத்த கணக்கு ஒண்ணையும் மனசுல வச்சுக்கோ: தெளிவான வெயில், ஐஎஸ்ஓ 100, எஃப்/16, ஷட்டர் 1/125. கேமரா வேற ஏதாவது சொன்னா, அது எதிர்ல எதைப் பார்த்துட்டுச் சொல்லுதுன்னு நீ யோசிக்கணும்.

10. கழி, பிரிண்ட் போடு

ஞாயித்துக்கிழமை உக்காந்து அந்த வாரத்துப் படங்கள்ல அஞ்சை மட்டும் வச்சுக்கோ. தேறாததை அழிக்கிறதுக்கு முன்னாடி ஏன் தேறலேன்னு ஒரு வரி எழுது: "நிழல்", "ஆட்டம்", "கம்பம்". ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா அடுத்த வாரம் அதை மட்டும் பழகு. மாசக் கடைசியில நல்லதா பத்தை ஸ்டுடியோவுல நாலுக்கு ஆறு அளவுல பிரிண்ட் போடு. போன் திரை தானே ஒளி விடுறதால இருட்டுப் படமும் அதுல பளிச்சுன்னு தெரியும். காகிதம் அப்படி ஏமாத்தாது. முட்டை வெள்ளையா, எருமை கருப்பா, அம்மா அம்மாவோட நிறத்துலயே வந்திருக்காங்களான்னு பார். படத்துல இருக்கிறவங்களுக்கு ஆளுக்கொரு பிரிண்ட் கொடுத்துடு, அடுத்த தடவை அவங்களே கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவாங்க.