சூலூர் விமானதளத்திற்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

வரலாற்றுப் பாடத்தை மிதிவண்டியில் சென்று படிப்போமா?

கொடிகாத்த குமரன் 1904இல் பிறந்த நம் சென்னிமலையிலிருந்து காங்கயம் சென்று, பல்லடம் வழியே மேற்கே மிதித்தால் சூலூர் வரும். அருகே காங்கயம்பாளையத்தில் விமானதளம் உள்ளது. நெடுந்தூரமாகையால் பல்லடத்தில் இளைப்பாறுதல் நலம்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர் இத்தளத்தை அமைத்தனர். 1942 ஆகஸ்டு 9இல் காந்தியடிகள் கைதானதும் நாடே கொதித்தெழுந்தது. அம்மாதத்திலேயே ஓரிரவு, இவ்வட்டாரத் தியாகிகள் தளத்திற்குத் தீ வைத்தனர். பலர் சிறை சென்றனர். சுதந்திரத்திற்குப் பின், 1961இல் நம் கடற்படையின் 'ஹன்சா' தளம் இங்கே தொடங்கி, 1964இல் கோவாவுக்கு மாறியது. 1984 முதல் இது விமானப்படை நிலையம். 2020இல், நம் நாட்டில் உருவான தேஜஸ் விமானங்களின் இரண்டாம் அணி இங்கே தொடங்கப்பட்டது.

அன்று எரித்த தளத்தை இன்று காப்பது ஏன்? அன்று அது அந்நியர் கையில் இருந்தது, இன்று நமது. சுதந்திரத்தின் பொருள் இதுவே.

வேலிக்குள் நுழைவதும் படமெடுப்பதும் கூடாது. ஆனால் ஊர்ப் பெரியவர்களிடம் பேசலாம். 1942ஐக் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் நினைவில் உள்ளதை இப்போதே கேட்டு எழுதி வைப்போம்!