கிளம்பும்போதே முடிவெடுங்கள்

இரவு பதினொரு மணி, கல்யாண மண்டப வாசல். பைக் சாவியை மூன்று முறை துவாரத்துக்கு வெளியே இடித்து, நான்காவது முறை நுழைத்தவர் சொன்னார்: "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்." அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றியது. போதை ஏறியதும், தன் நிலையைத் தானே எடைபோடும் புத்தி சீக்கிரமே மங்கிவிடும். அதனால் வண்டி ஓட்டலாமா என்ற முடிவை நிதானத்தில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

• குடிக்கப் போவது தெரிந்தால் வண்டியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். திரும்பி வர ஆட்டோவுக்கோ, குடிக்காத நண்பருக்கோ முன்பே சொல்லி வையுங்கள்.

• மருந்து வாங்கும்போது, "இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?" என்று மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ கேளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் தரும் பல மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். இரவில் போட்ட மாத்திரையின் மந்தம் சிலருக்குக் காலையிலும் நீடிக்கும்.

• கண் சொக்கினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கால் மணி நேரமாவது தூங்குங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் சட்டத்தின் வரம்போ 30 மி.கி.தான்.

• நண்பர் தள்ளாடினால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாக்குவாதம் வேண்டாம். "காலையில தர்றேன் மாப்ள, வா, நான் கொண்டு விடறேன்" என்றால் போதும்.

• விபத்தைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். நல்ல எண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

செய்யக்கூடாதவை

• காபி, மோர், எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதையும் நம்பாதீர்கள். ஈரல் தன் வேகத்தில்தான் மதுவைக் கரைக்கும், அவசரப்படுத்த வழியில்லை.

• "இருபது வருஷமா ஓட்டுறேன்" என்ற தைரியத்தில் கிளம்பாதீர்கள். 1981-இல் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் ஓட்டும் திறமையில் தங்களை முதல் பாதிக்குள் வைத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் முதல் பாதியில் இருக்க முடியாது.

• "கஞ்சா அடிச்சா மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். மெதுவாகப் போனாலும், குறுக்கே ஓடிவரும் குழந்தையைக் கண்டு பிரேக் பிடிக்கக் கூடுதல் நேரமாகும். அதோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

• "பக்கத்துத் தெருதானே" என்று கிளம்பாதீர்கள். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி சுமார் 17 மீட்டர் பாய்ந்துவிடும்.

• வீட்டில் சண்டை போட்ட சூட்டோடு வண்டியை எடுக்காதீர்கள். அந்தக் கோபம் ஆக்ஸிலரேட்டரில் இறங்கும்.

• குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறாதீர்கள், அவர் அண்ணனாக இருந்தாலும், அப்பாவாக இருந்தாலும்.

போதையில் ஓட்டிப் பிடிபட்டால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டிவிடலாம். எதிரே வந்தவரின் உயிரை எதைக் கொடுத்தும் மீட்க முடியாது. இன்று மாலை விருந்துக்குப் போகிறீர்களா? சாவியை வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போங்கள்.