நெருப்புக் குழம்பு கல்லாவது எப்படி?



பாறைகள் மூவகைப்படும் என்று நமது பிள்ளைகள் புவியியற் பாடத்திலே படிக்கிறார்கள். அடையற் பாறை, உருமாறிய பாறை, தீப்பாறை என்று மனனம் செய்து பரீட்சையிலும் எழுதிவிடுகிறார்கள். ஆனால், "தீயிலிருந்து கல் எப்படிப் பிறக்கும்?" என்று ஒரு பிள்ளை வீட்டில் வந்து கேட்டால் நம்மில் எத்தனை பேர் தயக்கமின்றிப் பதில் சொல்லுவோம்?

இது பரீட்சைக்கு மட்டும் உதவும் அறிவு அன்று. 1973ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து நாட்டின் மீனவ ஊர் ஒன்று, உருகிய பாறை எப்படி உறைகிறது என்ற அறிவைத் துணையாகக் கொண்டே தன் துறைமுகத்தைக் காக்கப் போராடியது. அந்த வரலாற்றைப் பின்னர் காண்போம். அதற்கு முன்னர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவோம். பாறை ஏன் உருகுகிறது? உருகியது எப்படி மேலே வருகிறது? வந்தது எப்படிக் கல்லாகிறது?

பாறை ஏன் உருகுகிறது?

நாம் நிற்கும் நிலத்தின் கீழே ஒரு நெருப்புக் கடல் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. பூமியின் மேலோடு கண்டங்களின் கீழே சாதாரணமாக 30 முதல் 40 கிலோமீற்றர் வரை தடிப்புடையது. சமுத்திரங்களின் கீழே அது ஏறக்குறைய 7 கிலோமீற்றர்தான். அதற்குக் கீழே ஏறக்குறைய 2900 கிலோமீற்றர் ஆழம்வரை இருப்பதை மூடகம் என்பர். மூடகம் மிகுந்த வெப்பமுடையது. ஆயினும் அது திண்மமான பாறையே. பூமியதிர்ச்சியின்போது எழும் அலைகளில் ஒருவகை, திரவத்தினூடே செல்லமாட்டாது. அந்த அலை மூடகத்தினூடே தடையின்றிச் செல்கிறது. இதைக் கொண்டே அங்கிருப்பது திண்மம் என்று அறிஞர் கண்டனர்.

அவ்வளவு வெப்பத்திலும் அது உருகாதிருப்பது ஏன்? மேலே உள்ள பாறைகளின் பாரம் அதை அமுக்கிக்கொண்டிருப்பதே காரணம். நுவரெலியாவில் தேநீருக்கு வைத்த தண்ணீர் 100 பாகைவரை சூடேறுவதில்லை. 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே காற்றின் அமுக்கம் குறைவு. பாறை உருகுவதும் இதைப் போன்றதே. அமுக்கம் கூடினால் உருகுவதற்கு அதிக வெப்பம் வேண்டும். அமுக்கம் குறைந்தால் உள்ள வெப்பமே போதும்.

ஐஸ்லாந்தில் நடப்பது இதுதான். அந்தத் தீவு அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, மேலோட்டின் இரு பெருந் தகடுகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் வீதம் விலகிச் செல்லும் எல்லையில் அமைந்துள்ளது. தகடுகள் விலக, அடியிலுள்ள மூடகப் பாறை மெல்ல மெல்ல மேலெழுகிறது. மேலெழ எழ அமுக்கம் குறைகிறது. பாறையின் ஒரு பகுதி உருகுகிறது.

உருகுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. அது தண்ணீர். சுமாத்திராத் தீவின் கரையோரத்தில் இந்து சமுத்திரத்தின் அடித்தகடு மற்றொரு தகட்டின் கீழே அமிழ்ந்து செல்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி நமது கரைகளைச் சூறையாடிய சுனாமி, அந்த எல்லையில் தகடுகள் வழுக்கியதால் எழுந்ததே. அமிழும் தகட்டிலுள்ள கனிப்பொருள்களில் கடல்நீர் கட்டுண்டு கிடக்கிறது. ஆழத்திற் சூடேறியதும் அந்த நீர் வெளியேறி, மேலுள்ள மூடகப் பாறையிற் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். இந்தோனேசியாவின் எரிமலைகளுள் பெரும்பாலானவை இவ்வாறு தோன்றியவை.

மூன்றாவது வழி வெப்பமே. ஆழத்திலிருந்து வரும் கொதிக்கும் குழம்பு கண்ட மேலோட்டின் அடியில் வந்து தங்கினால், அங்குள்ள பாறையையும் உருகச் செய்யும்.

எப்படி உருகினாலும் பாறை முழுவதும் ஒரேயடியாக உருகுவதில்லை. கொழுப்புள்ள இறைச்சியை வாட்டினால் கொழுப்பு முதலில் உருகி வடிகிறது. இறைச்சி எஞ்சி நிற்கிறது. அவ்வாறே எளிதில் உருகும் கனிப்பொருள்கள் முதலில் உருகிப் பிரிகின்றன. நிலத்தின் கீழிருக்கும் இந்தப் பாறைக் குழம்பையே மக்மா என்கிறோம். வெளியே வந்து பாயும்போது அதன் பெயர் லாவா.

மேலே வருவது எப்படி?

உருகிய பாறை தன்னைச் சூழ்ந்த திண்மப் பாறையிலும் பாரம் குறைந்தது. தண்ணீருக்குள் எண்ணெய் மேலெழுவதுபோல அதுவும் மேலெழுகிறது. ஆனால் பாறை தண்ணீரைப்போல வழிவிடுவதில்லை. ஆகவே மக்மா வெடிப்புகளைத் தேடிப் புகுகிறது. இல்லாத இடத்தில் தானே வெடிப்பை உண்டாக்குகிறது. சில இடங்களில் அறைகள்போலத் தேங்கி நிற்கிறது. சில இடங்களில் பாறைகளை வெட்டிக்கொண்டு, சுவரைப் போன்ற தகடாக நிமிர்ந்து நிற்கிறது. இத்தகைய சுவரை டைக் என்பர்.

மக்மா எப்பொழுதும் நேரே மேலே வரும் என்பதுமில்லை. 2023ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி, ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் என்ற மீனவ நகரின் அடியில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளத்துக்கு மக்மா பக்கவாட்டாகப் பாய்ந்து புகுந்தது. அதைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லை. இடைவிடாத சிறு நிலநடுக்கங்களும் நிலம் விரிந்து தாழ்ந்தமையும் அதைக் காட்டிக்கொடுத்தன. அன்றிரவே 3500க்கு மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டனர். அடுத்த மாதம் அவ்வட்டாரத்தில் லாவா நிலத்தைப் பிளந்து வெளிவந்தது.

எரிமலைகளில் சில அமைதியாக ஒழுகுவதும் சில வெடித்துச் சிதறுவதும் ஏன்? சோடாப் போத்தலை நினைத்துப் பாருங்கள். மூடியிருக்கும்வரை வாயு கரைந்து கிடக்கிறது. மூடியைத் திறந்ததும் அமுக்கம் குறைந்து நுரைத்துப் பொங்குகிறது. மக்மாவிலும் நீராவி முதலிய வாயுக்கள் கரைந்துள்ளன. குழம்பு இளக்கமாயின் வாயு எளிதில் தப்பிவிடும். இறுகிய பாணிபோலத் தடித்திருந்தால் வாயு சிக்குண்டு, ஈற்றில் வெடித்து வெளியேறும். மணலில் மிகுதியாகவுள்ள சிலிக்கா என்ற பொருள் கூடக்கூடக் குழம்பும் தடிக்கும்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்த்தினிக்கில் பெலே என்ற எரிமலை இத்தகைய தடித்த குழம்பை உடையது. 1902ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி அதிலிருந்து சீறிய சுடுவாயுவும் சாம்பலும் சென் பியர் நகரைச் சில நிமிடங்களில் அழித்தன. இறந்தவர்கள் ஏறக்குறைய 28,000 பேர். ஐஸ்லாந்தில் பெரும்பாலும் வெளிவருவது சிலிக்கா குறைந்த, இளக்கமான குழம்பாகும். அது வீடுகளை விழுங்கினாலும் மனிதர் விலகிச் செல்ல அவகாசம் தருகிறது.

கல்லாவது எப்படி?

பனங்கட்டியும் பனங்கற்கண்டும் நம் வீடுகளிற் பழகிய பொருள்கள். இரண்டும் பதநீரிலிருந்து வந்தவையே. காய்ச்சிய பாகை அச்சில் ஊற்றி விரைவில் இறுகவிட்டால் பனங்கட்டி. அதன் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. பாகைப் பல வாரங்கள் அசைக்காமல் வைத்திருந்தால் பளபளக்கும் கற்கண்டு விளைகிறது. பொருள் ஒன்று, கிடைத்த காலம் வேறு.

பாறையின் இரகசியமும் இதுவே. மக்மா பல கிலோமீற்றர் ஆழத்தில் தங்கிவிட்டால், மேலுள்ள பாறை போர்வைபோல அதன் சூட்டைக் காக்கிறது. அது ஆறுவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் செல்லலாம். அதற்குள் பளிங்குகள் நிதானமாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவு பெருக்கின்றன. கிறனைற் இவ்வாறு உண்டானது. அதன் துண்டொன்றைக் கையில் எடுத்தால் வெள்ளை, இளஞ்சிவப்பு, கறுப்பு மணிகளைத் தனித்தனியே எண்ணலாம். வெளியே பாய்ந்த லாவாவோ நாட்களிலும் மாதங்களிலும் உறைந்துவிடுகிறது. அதிலிருந்து வரும் பசால்ற் கருமையானது. மணிகள் மிக நுண்ணியவை. இன்னும் சடுதியாக ஆறினால் பளிங்கு வளர நேரமே இல்லை. கறுப்புக் கண்ணாடி போன்ற கல் கிடைக்கும். வாயு நுரைத்த நிலையில் உறைந்தது நுரைக்கல். அது தண்ணீரில் மிதக்கும்.

ஆகவே ஒரு தீப்பாறையின் மணிகளைப் பார்த்தே, அது ஆழத்தில் ஆறியதா, வெளியே ஆறியதா என்று சொல்லிவிடலாம்.

நமது நாட்டின் நிலை என்ன?

இலங்கையில் எரிமலை இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் கடலடியில் உருவான அடையற் பாறை. நாட்டின் ஏனைய பகுதிகளில் நாம் கருங்கல் என்று பொதுவாக அழைப்பவற்றுட் பெரும்பாலானவை, கடும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாற்றமடைந்த மிகப் பழைய உருமாறிய பாறைகள். எனினும் தீப்பாறை அறவே இல்லை என்று சொல்லக்கூடாது. புத்தளம் மாவட்டத்தில் தோணிகலைப் பகுதியில் இளஞ்சிவப்புக் கிறனைற் உண்டு. கிழக்கிலங்கையில், பழைய பாறைகளை ஊடறுத்து நிற்கும் கரிய டைக்குகள் உள்ளன. ஒருகாலத்தில் இந்த மண்ணின் அடியிலும் மக்மா புகுந்தது என்பதற்கு அவை சாட்சி. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுகள் எரிமலையின் வேலை என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை. ஆழமாக இறங்கிய மழைநீர் பூமியின் இயல்பான வெப்பத்தாற் சூடேறி மேலே வருவதே அங்கு நடக்கிறது.

துறைமுகத்தைக் காத்த கடல்நீர்

இப்போது ஐஸ்லாந்துக்குத் திரும்புவோம். அந்நாட்டின் தெற்கே ஹெய்மேய் என்ற சிறு தீவு உள்ளது. 1973ஆம் ஆண்டில் அங்கே ஏறக்குறைய 5300 மக்கள் வாழ்ந்தனர். மீன்பிடியே அவர்கள் சீவியம். ஜனவரி 23ஆம் திகதி அதிகாலை இரண்டு மணியளவில், ஊரின் ஓரத்தில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு நிலம் பிளந்து லாவா பீறிட்டது. முதல்நாட் புயல் காரணமாக மீன்பிடி வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்திலேயே நின்றன. அவற்றில் ஏறி, விடிவதற்குள் மக்களிற் பெரும்பாலோர் பெருநிலத்துக்குத் தப்பினர்.

உயிர்கள் தப்பின, ஆனால் தொழில்? லாவா மெல்ல மெல்லத் துறைமுக வாயிலை நோக்கி நகர்ந்தது. வாயில் அடைபட்டால் திரும்பி வந்தும் பயனில்லை. அப்போது தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற பௌதிகப் பேராசிரியரின் ஆலோசனைப்படி, லாவாவின் மேல் கடல்நீரைப் பாய்ச்சத் தொடங்கினர். ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட நெருப்பின்மேல் தண்ணீர் ஊற்றுவதா என்று நகைத்தவர்களும் இருந்தனர். ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. வெடிப்புகளினூடே உள்ளிறங்கி ஆழத்தையும் ஆறச்செய்கிறது. உறைந்த முகப்பு அணைபோல நின்று, பின்னால் வரும் குழம்பைத் தடுக்கிறது.

இயந்திரங்களால் லாவாவின் மேலேயே பாதை அமைத்து, பிளாஸ்ரிக் குழாய்களை இழுத்துச் சென்றனர். உள்ளே தண்ணீர் ஓடும்வரை அக்குழாய்கள் உருகவில்லை. அறுபது இலட்சம் கன மீற்றருக்கு மேற்பட்ட கடல்நீர் இறைக்கப்பட்டது. மார்ச் மாத இறுதியில் லாவா மற்றொரு பக்கமாகத் திரும்பி ஊருக்குள் புகுந்தது. மொத்தத்தில் ஏறக்குறைய 400 வீடுகள் அழிந்தன. விஷவாயுவால் ஒருவர் உயிரிழந்தார். நாட்கள் செல்ல எரிமலையின் வேகமும் தணிந்தது. கோடையில் அது ஓய்ந்தது. துறைமுக வாயில் திறந்தே இருந்தது. கடலுக்குள் நீண்டு உறைந்த லாவா, முன்னரிலும் நல்ல அலைத்தடுப்பாக அமைந்தது. மக்களிற் பெரும்பாலோர் திரும்பி வந்து சாம்பலை அள்ளி அகற்றினர். உள்ளே இன்னும் ஆறாதிருந்த லாவாவின் சூட்டைக் கொண்டே பல ஆண்டுகள் தம் வீடுகளுக்கு வெப்பமூட்டினர்.

எரிமலையை நிறுத்த மனிதனால் முடியாது. ஆனால் குழம்பு விரைவில் ஆறினால் விரைவில் கல்லாகும் என்ற ஒரு சிறு உண்மையை நன்றாக அறிந்திருந்தவர்கள், அதைக் கொண்டு தமக்கு வேண்டிய காலத்தைச் சம்பாதித்தனர். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் அறிவு, வேளை வரும்போது ஓர் ஊரின் சோறாகவும் ஆகலாம். பெற்றோரே, பிள்ளைகள் அந்த வரியை மனனம் செய்வதோடு நின்றுவிடாமல், "ஏன்?" என்று கேட்கவும் இடங்கொடுங்கள்.

வீட்டில் சேர்ந்து சிந்திக்க

1. மூடகம் கடும் வெப்பமாயிருந்தும் திண்மமாக இருப்பது ஏன்?

2. மணிகள் பெரிதாகத் தெரியும் தீப்பாறை ஒன்று கிடைத்தால், அது எங்கே ஆறியது என்று சொல்வீர்கள்?

3. பெலே மலையின் குழம்புக்கும் ஐஸ்லாந்தில் பெரும்பாலும் வெளிவரும் குழம்புக்கும் உள்ள வேறுபாடு யாது?